சஹனில் மிஞ்சிய கோழித்துண்டு

மலைநாதம் என்ற கைத்தொலைபேசிக் கம்பனியின் கண்டிக் கிளையில் டவர்களுக்குத் தகப்பன்மார் நியமிக்கப்பட்டார்கள். கொழும்பிலிருந்து வந்த யோசனை அது. ஒவ்வொரு டவரையும் ஒரு பொறியியலாளர் தன் சொந்தப் பிள்ளையாக நினைக்க வேண்டும். மாதக் கடைசியில் எந்தப் பிள்ளை அதிக டேட்டாவை ஊற்றிக் கொடுத்திருக்கிறதோ, அதன் தகப்பனுக்கு ஒரு கேடயம். இந்த யோசனையைச் சொன்னவர் நம் நாட்டுப் பெற்றோரை நன்றாக அறிந்தவராக இருக்க வேண்டும். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டுப் பாடசாலை வாசலில் நிற்கும் தாய் தகப்பனின் முகம் எப்படி இருக்குமோ, அந்த முகம் கிளையில் எல்லோருக்கும் வந்துவிட்டது.

அம்பிட்டிய டவரின் தகப்பன் கிருஷ்ணராஜ். குண்டசாலை டவரின் தகப்பன் முனாஸ். இருவரும் நல்ல மனிதர்கள். கிருஷ்ணராஜ் பஸ்ஸில் வயதானவர்களுக்கு எழுந்து இடம் கொடுப்பார். முனாஸ் தன் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தால் பக்கத்து மேசைக்காரரைக் கேட்காமல் முதல் கவளம் எடுக்க மாட்டார். ஆனால் டவர் என்று வந்துவிட்டால் இருவருக்கும் கண் தெரியாது. கிருஷ்ணராஜ் தன் டவரின் இரும்புக் காலுக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார். முனாஸ் அதைப் பார்த்துச் சிரித்தார். ஆனாலும் குண்டசாலைப் பக்கம் போகும்போதெல்லாம் தன் டவருக்குக் கண்ணேறு படாமலிருக்க வாய்க்குள் எதையோ ஓதிக்கொள்வார்.

டவரின் வேலை பந்தியில் பரிமாறும் வேலையைப் போன்றது. அது ஒரே நேரத்தில் எல்லோருக்கும் கொடுக்க முடியாது. இந்தக் கணம் யாருக்கு, அடுத்த கணம் யாருக்கு என்று கண் இமைப்பதற்குள் பல தடவை பங்கு பிரிக்கிறது. கிட்ட இருப்பவருக்குக் கொஞ்ச நேரத்தில் நிறையக் கொடுத்துவிடலாம். தூரத்தில் இருப்பவருக்கு நிறைய நேரம் எடுத்தும் கொஞ்சம்தான் போய்ச் சேரும். கேடயத்துக்குக் கணக்கில் எடுத்தது கொடுத்த அளவை மட்டும்தான். யாருக்குக் கொடுத்தாய் என்று எவரும் கேட்கவில்லை. ஆகவே தகப்பன்மார் தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பாடத்தை நன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள்: வாளி சீக்கிரம் காலியாக வேண்டும் என்றால் முன்வரிசைக்குப் பரிமாறு.

பின்வரிசையில் இருந்தது கீழ்ப்பள்ளம். அம்பிட்டிய மலைக்கும் குண்டசாலைக்கும் நடுவே, ஒரு சரிவின் அடியில், இரண்டு வரிசை வீடுகள் உள்ள இடம். இரண்டு டவர்களுக்கும் அது கடைசி எல்லை. இரண்டும் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் கத்துவதால் அங்குள்ள தொலைபேசிகளுக்கு இரண்டு காதிலும் இரண்டு பேர் பேசுவது போல இருந்தது. சத்தம் பலமாக இருந்தபடியால் திரையில் சிக்னலின் ஐந்து கோடும் நிமிர்ந்து நிற்கும். பேச்சு மட்டும் போகாது.

அந்தக் கீழ்ப்பள்ளத்தில் ஸெய்னுலாப்தீன் ஹாஜியாரின் வீடு இருந்தது. அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் றமீஸா பாடசாலை ஆசிரியை. இளையவள் ஜஹானா பிறவியிலேயே காது கேளாதவள், கையால் பேசுகிறவள். வீட்டிலேயே உடுப்புத் தைத்துக் கொடுத்து வந்தாள். அவளுக்குக் காத்தான்குடியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை பஹீம், அச்சகத்தில் வேலை. அவனும் காது கேளாதவன். பெரியவர்கள் பார்த்துப் பேசிவிட்டார்கள். ஆனால் ஜஹானா, அவனோடு தானே பேசிப் பார்த்துத்தான் பதில் சொல்லுவேன் என்று நின்றாள். ஹாஜியாரும் அது நியாயம் என்றார். நோன்பு மாதம் பிறக்குமுன் பதில் வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள்.

பேசுவது என்றால் வீடியோவில்தான் பேச வேண்டும். பஹீமுக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஓய்வு. அந்த நேரத்தில் அழைப்பான். முகம் தெரியும், கை ஒன்று உயரும், உடனே படம் உறைந்துவிடும். எழுதிக் கேட்கலாம், ஆனால் அவனுக்குப் பதிலாக அவன் மச்சான் எழுதுகிறானோ என்று ஜஹானாவுக்குச் சந்தேகம். கண்டி டவுனுக்குப் போய்ப் பேசலாம். ஒரு தடவை போகவும் செய்தார்கள். சின்னம்மா வீட்டில் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று பார்த்தார்கள். வாயால் பேசுகிறவர் குரலைத் தாழ்த்திக்கொள்ளலாம். கையால் பேசுகிறவருக்கு இரகசியம் பேச நான்கு சுவர் வேண்டும்.

கடைசியாக உறைந்த படத்தில் பஹீம் உள்ளங்கையை விரித்து முன்னால் நீட்டியபடி நின்றான். ஜஹானா அவனிடம் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தாள். நீட்டிய உள்ளங்கை அவளுக்கு ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொன்னது: போதும். அன்று முழுதும் அவள் தையல் மெஷினைத் தொடவில்லை.

றமீஸா கம்பனிக்கு முறைப்பாடு செய்தாள். ஜஹானாவின் பெயரில் உள்ள இணைப்பு என்பதால், "நான் ஜஹானாட தாத்தா பேசுற" என்று தன்னை அறிமுகப்படுத்தினாள். முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியைத் தாத்தா என்று அழைப்பது கண்டியில் யாருக்கும் தெரியும். தொலைபேசியை எடுத்தவர் கண்டிக்காரர் அல்ல. பாட்டனார் ஒருவர் பெண்குரலில் பேசுகிறார் என்று அவர் எடுத்துக்கொண்டார் போலும். மறுநாள் றமீஸாவுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. மூத்த குடிமக்களுக்கான விசேட சலுகைப் பொதியில் அவள் சேர்க்கப்பட்டிருக்கிறாள், முறைப்பாடு தீர்க்கப்பட்டது, மலைநாதத்தோடு இணைந்திருப்பதற்கு நன்றி.

ஆகவே றமீஸா நேரே கிளைக்கே வந்துவிட்டாள். அன்று வாடிக்கையாளர் தினம். பொறியியலாளர்களும் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஜஹானாவின் போனை மேசையில் வைத்து உறைந்த படத்தைக் காட்டினாள். கிருஷ்ணராஜ் படத்தைப் பார்க்குமுன் மேல்மூலையைப் பார்த்தார்.

"அஞ்சு கோடும் நிக்குதேம்மா. சிக்னல் நல்லாத்தானே இருக்கு."

"கோடும் நிக்கிது சேர், மாப்பிளயும் நிக்கிறார்," என்றாள் றமீஸா. "ரெண்டும் அசையிதில்ல."

பிறகு அவள் தங்கையின் விஷயத்தை முழுவதும் சொன்னாள். நோன்புக்கு முன் இரண்டு வெள்ளிக்கிழமைகள்தான் மிச்சம் என்றாள். முனாஸ் எட்டிப் பார்த்து, இது அம்பிட்டிய டவரின் சத்தம் வந்து கெடுக்கிறது என்று அபிப்பிராயப்பட்டார். கிருஷ்ணராஜ், குண்டசாலை டவருக்குத் தொண்டை பெரிது என்பது ஊரறிந்த விஷயம் என்றார். இரண்டு தகப்பன்மாரும் எழுந்து நின்றுகொண்டதைப் பார்த்து, கிளை முகாமையாளர் சேதுராமன் அறையிலிருந்து வெளியே வந்தார். எந்தப் பிரச்சினையையும் அது இன்னொருவருடையது என்று நிரூபித்துவிட்டால் தீர்ந்துபோகும் என்பது அவருடைய நீண்டகால அனுபவம்.

"ரெண்டு பேரும் ஒண்ணாப் போங்க," என்றார். "யாரோட புள்ள சத்தம் போடுதுன்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

மறுநாள் சனிக்கிழமை இருவரும் அளவுக் கருவியோடு கீழ்ப்பள்ளம் போனார்கள். சாரதி சின்னமுத்து வானை ஹாஜியார் வீட்டு வாசலில் நிறுத்தினார். கருவி பாரபட்சமில்லாமல் தீர்ப்புச் சொன்னது: இரண்டு பிள்ளைகளும் சரிசமமாகக் கத்துகின்றன. இருவரும் கருவியைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்க மலையைப் பார்த்தார்கள்.

இதற்கு வைத்தியம் இருவருக்கும் தெரியும். இரண்டு டவர்களும் முறை வைத்து, ஒன்று பேசும் கணத்தில் மற்றது வாயை மூடிக்கொண்டால் போதும். நடுவில் இருப்பவருக்குக் காது தெளியும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் இருவரும் பரீட்சைக்கு எழுதிய விடை அது. அன்று எழுதியதற்குப் புள்ளி கிடைத்தது. இன்று செய்தால் புள்ளி போகும். மௌனமாக இருக்கும் நேரத்துக்குக் கேடயத்தில் கணக்கு இல்லை.

திரும்பப் புறப்பட்டவர்களை ஹாஜியார் விடவில்லை. பகல் நேரத்தில் வீட்டுக்கு வந்தவர்களைப் பசியோடு அனுப்பினால் அல்லாஹ்வுக்கு என்ன பதில் சொல்வது என்றார். பாய் விரித்துச் சீலை போட்டார்கள். நடுவே ஒரு சஹன் வந்தது. பெரிய வட்டத் தட்டில் குவித்த நெய்ச்சோறு, சுற்றிலும் கறிகள், உச்சியில் பொரித்த கோழித்துண்டுகள். நால்வரும் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்தார்கள். சஹனுக்கு ஒரு மரியாதை உண்டு. தன் முன்னால் இருக்கிற பக்கத்தில் மட்டுமே எடுக்க வேண்டும். நல்ல துண்டு கையில் பட்டால் அதைப் பக்கத்தில் இருப்பவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். கிருஷ்ணராஜுக்கும் அந்த மரியாதை தெரியும். கண்டியில் பிறந்து வளர்ந்தவர் சாப்பிடாத வலீமா என்ற கல்யாண விருந்து இருக்காது.

சாப்பாடு முடிகிற நேரத்தில் ஒரே ஒரு கோழித்துண்டு மிஞ்சியது. பெரிய துண்டு. முனாஸ் அதைக் கிருஷ்ணராஜ் பக்கம் தள்ளினார்.

"எடுங்க தம்பி."

"ஐயோ, நீங்க எடுங்க முனாஸ் நானா. எனக்கு வயிறு நிறைஞ்சிருச்சு."

முனாஸை அண்ணன் முறையில் நானா என்றழைக்கும் கிருஷ்ணராஜ் அதை ஹாஜியார் பக்கம் தள்ளினார். ஹாஜியார் சின்னமுத்து பக்கம் தள்ளினார். சின்னமுத்து அதை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு, இரண்டு சேர்மார் இருக்கும்போது தான் எடுப்பதா என்று முனாஸ் பக்கம் தள்ளினார். துண்டு சோற்று மலையை இரண்டு முறை வலம் வந்தது. கேடயத்துக்காக மல்லுக்கட்டுகிற அதே இருவர், ஒரு கோழித்துண்டை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பதில் அப்படி மல்லுக்கட்டினார்கள். கடைசியில் எல்லோரும் கை கழுவினார்கள். துண்டு அப்படியே உள்ளே போனது. கதவோரம் நின்று ஜஹானா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது அவள் இருவரையும் பார்த்து நெஞ்சில் கைவைத்துத் தலை சாய்த்தாள். அவளுக்கு அவர்கள் இன்னும் ஒன்றுமே செய்திருக்கவில்லை.

ஆண்டவன் மனிதரின் மனத்தைத் திருப்புவதற்குப் பெரிய மேடைகளைத் தேடுவதில்லை. பல நேரம் ஒரு வாய்ச் சோறு போதும். திங்கட்கிழமை கிருஷ்ணராஜ் தன் கணினியில் அம்பிட்டிய டவருக்கு ஓர் உத்தரவு போட்டார். அதற்கென்று ஒதுக்கிய கணங்களில் நீ பேசாமல் இரு. கீழ்ப்பள்ளத்துப் போன்களைக் குண்டசாலை டவரிடம் தள்ளிவிடு, அது நன்றாகக் கவனிக்கட்டும். கேடயம் போனால் போகிறது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. செய்த தருமத்தை வாயால் சொன்னால் பலன் போய்விடும் என்று அவருக்கு வீட்டில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அதே திங்கட்கிழமை, இரண்டு மேசை தள்ளி, முனாஸும் ஓர் உத்தரவு போட்டார். குண்டசாலை டவரே, நீ பேசாமல் இரு. கீழ்ப்பள்ளத்துப் போன்களை அம்பிட்டிய டவரிடம் தள்ளிவிடு. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்பது அவர் படித்த பாடம். எந்தக் கணங்களில் பேசாமலிருப்பது என்று கணினி கேட்டபோது, பட்டியலில் முதலாவதாக இருந்ததை இருவருமே தெரிவு செய்தார்கள்.

அந்த வாரம் முழுவதும் இருவர் முகத்திலும் ஓர் இரகசிய ஒளி இருந்தது. தேநீர் வேளையில் ஒருவருக்கொருவர் மிகவும் பணிவாக நடந்துகொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை பஹீம் அழைத்தான். முன்பாவது முகம் வந்து உறைந்தது. இம்முறை முகமே வரவில்லை. இணைகிறது என்று காட்டியது, அறுந்தது, மறுபடி இணைகிறது என்றது, மறுபடி அறுந்தது. ஜஹானா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்று மாலை காத்தான்குடியிலிருந்து அவனுடைய உம்மா ஹாஜியாருக்குப் போனில் கோல் எடுத்து, பிள்ளைக்கு விருப்பமில்லையா என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் கோலும் பாதியில் அறுந்தது. இனி இருந்தது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை.

மறுநாள் றமீஸா தங்கையையும் கூட்டிக்கொண்டு கிளைக்கு வந்தாள். இம்முறை அவள் கோபிக்கவில்லை. அதுதான் இருவருக்கும் பயத்தைக் கொடுத்தது.

"நீங்க வந்து பார்த்துட்டுப் போன பொறகு சுத்தமா ஒன்டுமே இல்ல சேர்," என்றாள். "அதுக்கு முந்தி உறைஞ்ச மாப்பிளயாவது இருந்தார்."

"அப்பிடி வர ஏலாதே," என்றார் முனாஸ். "நான் என்ட டவர அமத்தித்தானே வெச்ச."

"நான்ல என் டவர அமத்தி வச்சேன்," என்றார் கிருஷ்ணராஜ்.

இருவரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒரே கணினிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். டவர்களுக்குத் தகப்பன்மார் நியமிக்கப்பட்ட பிறகு அது முதல் தடவை. திரையில் எல்லாம் தெளிவாக இருந்தது. இரண்டு டவர்களும் ஒரே கணத்தில் வாய் மூடின, ஒரே கணத்தில் கத்தின. ஜஹானாவின் போனை அம்பிட்டிய டவர் குண்டசாலையிடம் தள்ளியது. குண்டசாலை அதை அம்பிட்டியவிடம் தள்ளியது. நீங்க எடுங்க, நீங்க எடுங்க என்று அந்தப் போன் மலைக்கு மலை போய் வந்துகொண்டிருந்தது. அழைப்பு மேலேயே அலைந்து அறுந்துபோனது.

கிருஷ்ணராஜ் இதை ஒரு காகிதத்தில் இரண்டு டவர்களும் நடுவே ஒரு வீடுமாக வரைந்து றமீஸாவுக்கு விளக்கினார். றமீஸா தங்கைக்குக் கையால் சொன்னாள். ஜஹானா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவளுடைய தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று முனாஸ் பதறினார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். விரல்களால் வேகமாக ஏதோ சொன்னாள். றமீஸா மொழிபெயர்க்கத் தயங்கினாள்.

"செல்லுங்க, பரவாயில்ல," என்றார் முனாஸ்.

"அன்டைக்கு அந்தக் கோழித்துண்டு கடைசில பூனைக்குத்தான் போனதாம், சேர்."

இருவரும் காகிதத்தில் வரைந்திருந்த வீட்டைப் பார்த்தார்கள். பிறகு கிருஷ்ணராஜ் சிரிக்கத் தொடங்கினார், முனாஸும் சேர்ந்துகொண்டார். சிரித்தபடியே வேலையைத் தொடங்கினார்கள். அம்பிட்டிய பேசாதிருக்கும் கணங்கள் இவை, குண்டசாலை பேசாதிருக்கும் கணங்கள் அவை என்று பிரித்தார்கள். மேல்வரிசை வீடுகள் அம்பிட்டியவுக்கு, கீழ்வரிசை குண்டசாலைக்கு என்று முடிவாயிற்று. ஹாஜியார் வீடு மட்டும் இரண்டு வரிசைக்கும் நடுவில், தனியாக நின்றது. அதை எந்த டவர் எடுத்தாலும் அந்த டவரின் கேடயக் கணக்கு விழும்.

"தம்பி, நீங்களே..." என்று முனாஸ் தொடங்கினார். தொடங்கியவர், தன் கை காகிதத்தில் அந்த வீட்டை மெதுவாகக் கிருஷ்ணராஜ் பக்கம் தள்ளுவதைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

கிருஷ்ணராஜ் அந்த வீட்டின் மேல் விரலை வைத்தார்.

"சரி நானா. இத நான் எடுத்துக்கிறேன்."

கொடுப்பது நல்ல காரியம் என்று எல்லா வேதமும் சொல்லுகிறது. ஆனால் நீட்டிய கைகளுக்கு நடுவில் ஒருவர், சரி, நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லாவிட்டால், கொடுத்தது எங்கேயும் போய்ச் சேராது.

இரண்டு டவர்களின் கணக்கும் சேர்ந்து விழுவதைச் சேதுராமன் தன் திரையில் கண்டார். இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். உத்தரவில்லாமல் டவரை வாய் மூட வைக்க யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டார். கிருஷ்ணராஜ் பெண்ணின் சம்பந்தத்தைச் சொன்னார். முனாஸ் நோன்பின் தேதியைச் சொன்னார். சேதுராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் பெண்பிள்ளைகள் உண்டு.

"வெள்ளிக்கிழமை பகல் நான் சாப்பிட வீட்டுக்குப் போயிருவேன்," என்றார். "திரையில என்ன நடந்தாலும் எனக்குத் தெரியாது. சாப்பிட்டுட்டு ஆறுதலாத்தான் வருவேன்."

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பஹீம் அழைத்தான். றமீஸா கதவருகே நின்று பார்த்தாள். முகம் வந்தது. கை உயர்ந்தது. உயர்ந்த கை நிற்காமல் அடுத்த சொல்லுக்குப் போனது. ஜஹானா உட்கார்ந்திருந்த கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டாள். முதலில் அவள் கேட்டது, அன்று ஏன் உள்ளங்கையைக் காட்டிப் போதும் என்றீர்கள் என்றுதான். பஹீம் விழித்தான். பிறகு அதே உள்ளங்கையை விரித்துக் காட்டினான், அதற்கடுத்த சொல்லையும் காட்டினான்: இரண்டு கைகளாலும் கன்னத்தில் மீசை இழுத்துவிட்டான். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று நீ கேட்டாய் அல்லவா? ஐந்து பூனைகள் இருக்கின்றன என்று சொல்ல வந்தேன்.

றமீஸா கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டாள். மொழிபெயர்க்க அங்கே அவளுக்கு வேலை இருக்கவில்லை. அஸர் என்ற பின்னேரத் தொழுகைக்கு வாங்கு சொன்ன பிறகும் அறைக்குள்ளிருந்து கைகள் அசையும் சலசலப்பும் இடைக்கிடை சிரிப்பும் கேட்டன. வெளியே வந்தபோது போன் சுட்டது. ஜஹானா வாப்பாவின் முன்னால் வந்து நின்று தலையை ஒரு முறை ஆட்டினாள். ஹாஜியார் அப்போதே, சிக்னல் தேடி மாடிப்படிக்கோ முற்றத்துக்கோ போகாமல், இருந்த இடத்திலிருந்தே காத்தான்குடிக்குக் கோல் எடுத்தார். பேசி முடியும்வரை அது அறுபடவில்லை.

அந்த மாதக் கேடயம் பேராதனை டவருக்குப் போனது. அதன் தகப்பன் மாதம் முழுவதும் லீவில் இருந்தார். சேதுராமன் இரண்டு டவர்களும் முறை வைத்து மௌனமாக இருப்பதை "மின்சாரச் சிக்கனத் திட்டம்" என்று பெயரிட்டுக் கொழும்புக்கு எழுதினார். கொழும்பு அதைப் பெரிதும் பாராட்டியது. எல்லா டவர்களும் ஒரே நேரத்தில் மௌனமாக இருந்தால் சிக்கனம் இன்னும் கூடுமல்லவா என்று விசாரித்துப் பதில் கடிதமும் வந்தது. அதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் சேதுராமன் அந்தக் கடிதத்தை இருவரிடமும் காட்டினார். அவர்கள் அதைப் படித்துவிட்டு, ஒருவர் மற்றவர் பக்கம் தள்ளினார்கள்.

பெருநாள் கழிந்து ஜஹானாவின் கல்யாணம் நடந்தது. அதே வீட்டில், அதே பாயில், சஹன் வந்தது. கிருஷ்ணராஜும் முனாஸும் சின்னமுத்துவும் மாப்பிள்ளை வீட்டார் மூவரோடு சுற்றி உட்கார்ந்தார்கள். சாப்பாடு முடிகிற நேரத்தில் ஒரு கோழித்துண்டு மிஞ்சியது. முனாஸ் அதைக் கிருஷ்ணராஜ் பக்கம் தள்ளினார். கிருஷ்ணராஜ் அதை எடுத்தார், இரண்டாகப் பிய்த்தார், ஒரு பாதியைச் சின்னமுத்துவின் பக்கம் வைத்துவிட்டு மறுபாதியை வாயில் போட்டுக்கொண்டார்.

கதவோரத்தில் காத்துக்கொண்டிருந்த பூனை சிறிது நேரம் பார்த்தது. பிறகு எழுந்து அடுத்த சஹனுக்குப் போனது.